கேள்வியில் முடியும் கதைகள்

ஞாயிற்றுக்கிழமைக்குரிய வேதபாடம் ஓர் உவமையாக அமைந்துவிட்டால் இளம் குருமார்களுக்கு நிம்மதி. கதை தயாராக இருக்கிறது, சபைக்கும் தெரிந்த கதை, இருபது நிமிடம் பேசிவிடலாம் என்று நினைப்பார்கள். திருநெல்வேலிச் சீமையில் உபதேசியாராகத் தொடங்கி, பல சேகரங்களில் குருவானவராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பிரசங்க பீடத்தில் உவமையைவிடக் கடினமான பகுதியை நான் சந்தித்ததில்லை. சபைக்கு அந்தக் கதை தெரிந்திருப்பதுதான் கடினம். ஞாயிறு பள்ளியில் ஃபிளானல் போர்டில் ஒட்டிய படமாகப் பார்த்திருப்பார்கள். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் நாடகமாக நடித்திருப்பார்கள். கன்வென்ஷன் பந்தலில் அழுதுகொண்டே கேட்டிருப்பார்கள். ‘கெட்ட குமாரன்’ என்று தலைப்பைச் சொன்ன உடனேயே கதையின் முடிவும் பாடமும் மனதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகு யாரும் கேட்பதில்லை.

உவமை எப்படி வேலை செய்கிறது என்பதை நான் நாத்தானிடம் கற்றேன். இரண்டாம் சாமுவேல் 12-ஆம் அதிகாரத்தில் வருகிற தீர்க்கதரிசி அவர். தாவீது உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகவைத்த பிறகு நாத்தான் அரண்மனைக்கு வருகிறார். குற்றச்சாட்டு எதையும் அவர் வாசிக்கவில்லை. ஒரே ஓர் ஆட்டுக்குட்டியை மகளைப்போல வளர்த்த ஏழையைப் பற்றியும், விருந்தாளிக்குச் சமைக்க அந்தக் குட்டியைப் பிடுங்கிக்கொண்ட பணக்காரனைப் பற்றியும் சொல்கிறார். தாவீது கொதித்தெழுந்து, அந்தப் பணக்காரன் சாகவேண்டியவன் என்கிறான். தீர்ப்பு அரசனின் வாயிலிருந்தே வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் அந்த மனிதன் நீரே என்று நாத்தான் விரலை நீட்டுகிறார்.

இயேசுவும் இந்த வழியில்தான் பேசினார். அவருடைய உவமைகளில் எத்தனை கேள்வியாக முடிகின்றன என்று பாருங்கள். ஐந்நூறு வெள்ளிக்காசு கடன்பட்டவனும் ஐம்பது கடன்பட்டவனும் மன்னிக்கப்பட்டால் இருவரில் யார் அதிக அன்பு காட்டுவான் என்று பரிசேயனான சீமோனிடம் கேட்கிறார். தகப்பன் சொன்னதைச் செய்தவன் இரண்டு மகன்களில் எவன் என்று தேவாலயத்தில் கேட்கிறார். தோட்டத்தின் எஜமான் அந்தக் கொடிய குத்தகைக்காரர்களை என்ன செய்வான் என்ற கேள்விக்கு, மத்தேயுவின் பதிவில், கேட்டுக்கொண்டிருந்தவர்களே பதில் சொல்லித் தங்கள்மேல் தீர்ப்பை வரவழைத்துக்கொள்கிறார்கள். ஆகவே உவமைக்குப் பொருள் சொல்கிறவன் ஒன்றை நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும்: கேட்பவர் சொல்ல வேண்டிய தீர்ப்பை நாம் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது.

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் படித்த காலத்தில்தான் உவமைகளுக்குப் பொருள் சொல்லும் முறைக்கே நீண்ட வரலாறு உண்டு என்று தெரிந்துகொண்டேன். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அகுஸ்தீன், நல்ல சமாரியன் கதையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மறைபொருள் கண்டார். அடிபட்டவன் ஆதாம், கள்ளர்கள் பிசாசும் அவன் தூதர்களும், சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை, சத்திரக்காரன் அப்போஸ்தலனாகிய பவுல். நூற்றாண்டுகள் பல இந்த முறை செல்வாக்கோடு இருந்தது. 1888-இலும் 1899-இலும் வெளிவந்த இரண்டு பாகங்களில் ஜெர்மானியரான அடால்ஃப் யூலிகர் அதை உடைத்தார். உவமைக்கு ஒரே ஒரு மையக் கருத்துதான் உண்டு, அதன் உறுப்புகளுக்கெல்லாம் தனித்தனிப் பொருள் தேடாதீர்கள் என்றார். 1935-இல் சி. எச். டாட், 1947-இல் யோவாகிம் யெரமியாஸ் ஆகியோர், அந்தக் கதையை இயேசு முதலில் சொன்ன சூழலுக்கே அதைத் திரும்பக் கொண்டுபோனார்கள்.

யூலிகர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. விதைக்கிறவனின் உவமைக்கு வழியோரம், பாறை, முள், நல்ல நிலம் என்று உறுப்பு உறுப்பாக விளக்கம் மாற்கு நான்காம் அதிகாரத்திலேயே இருக்கிறது. மறைபொருள் காண்பதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், சத்திரக்காரன் பவுல் என்று சொன்னபிறகு கேட்பவருக்கு அந்தக் கதையில் செய்வதற்கு என்ன மிஞ்சுகிறது? புதிருக்கு விடை கிடைத்துவிட்டது, அவர் வீட்டுக்குப் போகலாம். அந்தக் கதையைக் கேட்ட நியாயசாஸ்திரியை இயேசு அப்படி வீட்டுக்கு அனுப்பவில்லை. நீயும் போய் அந்தப்படியே செய் என்றுதான் அனுப்பினார்.

கல்லூரியில் படித்தது பாதி. மறுபாதியைச் சபைகள் கற்றுக்கொடுத்தன. எகிப்திலும் லெபனானிலும் எருசலேமிலும் பல பத்தாண்டுகள் வாழ்ந்த கென்னத் பெய்லி, அங்குள்ள கிராம மக்களிடம் இந்தக் கதைகளைச் சொல்லி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அப்பா உயிரோடு இருக்கும்போதே மகன் சொத்தைப் பிரித்துக் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்றால், அப்பா சாகவேண்டும் என்று அவன் நினைக்கிறான் என்று அவர்கள் பதில் சொன்னார்களாம். 1976-இல் வெளிவந்த அவருடைய உவமை நூலை வாசித்ததும், அவர் அங்கே கேட்டதை நான் ஏன் இங்கே கேட்கக் கூடாது என்று தோன்றியது. வாரநாள் வேதபாடக் கூட்டங்களில் விளக்கத்தை ஒதுக்கிவைத்துக் கேள்விகளோடு உட்கார ஆரம்பித்தேன்.

மத்தேயு 20-ஆம் அதிகாரத்துத் திராட்சத்தோட்ட வேலையாட்களின் கதையை அப்படித்தான் கற்றேன். விடியற்காலையில் வந்தவர்களுக்கும், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவர்களுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுக்கிறார். சூரிய உதயத்திலிருந்து எண்ணினால் பதினோராம் மணி என்பது நமக்கு மாலை ஐந்து. ‘சாகும் நேரத்தில் மனந்திரும்பினாலும் இரட்சிப்பு உண்டு’ என்பதுதான் நம் சபைகள் இந்தக் கதைக்கு வழக்கமாகக் கேட்கும் விளக்கம். ஒருநாள் மாலைக் கூட்டத்தில் நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஐந்து மணிவரை அங்கே நின்றவன் யார் என்று மட்டும் கேட்டேன்.

“சோம்பேறிதான் ஐயா, காலையிலேயே வந்திருக்கலாம்லா” என்றார் ஒருவர். பின்வரிசையில் இருந்து, கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகும் ஓர் அம்மா எழுந்தார்.

“அப்படி இல்ல ஐயா. காலையில ஆள் எடுக்க வாரவுக வாலிபமா தெம்பா இருக்கவுகளத்தான் மொதல்ல கூப்பிடுவாக. வயசானவுக, நோயில கெடந்து எந்திரிச்சவுக எல்லாம் நின்னுக்கிட்டே இருக்கணும். வெறுங்கையோட வீட்டுக்குப் போகவும் முடியாது. வேலை செய்யுததவிட அப்படி நிக்குததுதான் ஐயா கஷ்டம்.”

ஆள் வைத்து விவசாயம் பார்க்கும் ஒருவர் அதற்குப் பதில் சொன்னார். “அதெல்லாம் சரிதான் ஐயா. ஆனா நான் அப்படிக் கூலி கொடுத்தேன்னா மறுநாள் ஒருத்தனும் காலையில வரமாட்டான். எல்லாவனும் அஞ்சு மணிக்குத்தான் வருவான்.”

இரண்டு பேரும் உவமைக்குள் வந்து நின்றுவிட்டார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று எஜமான் கேட்டதற்கு, எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை என்பதுதான் அந்தக் கடைசி ஆட்களின் பதில். அந்த வசனத்தை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். வேலைக்கு நின்று பழகியவர் ஒருவர் விளக்கிய பிறகுதான் அதன் பாரம் எனக்குத் தெரிந்தது. ஒரு தெனாரி ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம், ஒரு குடும்பத்தின் அன்றைய சாப்பாடு. ஒரு மணி நேரத்துக்கான துணுக்குக் கூலியை வாங்கிப்போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

பிறகு அவர்களிடம் இன்னும் இரண்டு விஷயங்களைக் காட்டினேன். முதலாவது, கூலி கொடுக்கும் வரிசை. கடைசியாக வந்தவர்களுக்கு முதலில் கொடு என்று காரியஸ்தனிடம் எஜமான் சொல்கிறார். முதலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் அவர்கள் பேசிய கூலியை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போயிருப்பார்கள். அவர்கள் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே வரிசை திருப்பப்பட்டிருக்கிறது. இவர்களை எங்களுக்குச் சமமாக்கினீரே என்பதுதான் அவர்களுடைய முறுமுறுப்பு. தங்கள் கூலியில் அவர்கள் ஒரு காசும் இழக்கவில்லை. அடுத்தவன் சமமாவதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

இரண்டாவது, அதிகாரப் பிரிப்பு. நம் வேதாகமத்தின் அதிகாரங்கள் 13-ஆம் நூற்றாண்டில் பிரிக்கப்பட்டவை. அந்தக் கோட்டை அழித்துவிட்டு 19-ஆம் அதிகாரத்தின் கடைசியிலிருந்து வாசித்தால், எல்லாவற்றையும் விட்டு உம்மைப் பின்பற்றினோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று பேதுரு கேட்டது முன்னால் வருகிறது. இந்த உவமை அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலின் ஒரு பகுதி. புறம்பே இருந்தவர்களுக்குச் சொன்ன கதை இல்லை, காலையிலேயே வந்துவிட்ட சீஷர்களுக்குச் சொன்னது. ஆகவே இன்றைக்கு இதைக் கேட்க வேண்டியவர்கள் நாலைந்து தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருக்கும் குடும்பங்கள். எங்கள் தாத்தா கட்டின கோயில் இது என்று சொல்லக்கூடியவர்கள். நேற்று ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்து வாலிபன் சபைக் கமிட்டியில் இடம் கேட்கும்போது நம் வாயில் என்ன வார்த்தை வருகிறது? அந்த வார்த்தைக்குத்தான் இந்த உவமை காத்திருக்கிறது.

நல்ல சமாரியன் கதையில் இன்னொரு தடை உண்டு. அந்தப் பெயர் இன்று மருத்துவமனைப் பலகையில் இருக்கிறது, தொண்டு நிறுவனங்களின் பெயரில் இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு உதவுபவரைப் பாதுகாக்க 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவே அந்தப் பெயரில்தான் இருக்கிறது. கதைக்குக் கிடைத்த பெருமை இது. ஆனால் அதனாலேயே கேட்பவர் எல்லாரும் கதைக்குள் நுழைந்ததும் சமாரியனின் கழுதைமேல் ஏறிக்கொள்கிறார்கள். உதவி செய்கிற நல்லவர் நான் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

முதலில் கேட்டவர்களுக்கு அது முடியாது. சமாரியர் பகைவர்கள். அவர்களுடைய கெரிசீம் மலைக் கோயிலை யூத ஆட்சியாளரான யோவான் ஹிர்கானு கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இடித்தார். லூக்காவில் இந்த உவமைக்கு முந்தின அதிகாரத்திலேயே ஒரு சமாரியக் கிராமம் இயேசுவை ஏற்றுக்கொள்ள மறுக்கிறது. வானத்திலிருந்து அக்கினியை வரவழைத்து அந்த ஊரை அழிக்கட்டுமா என்று யாக்கோபும் யோவானும் கேட்கிறார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் இயேசு ஒரு சமாரியனைக் கதாநாயகனாக நிறுத்துகிறார்.

இந்தக் கதையைச் சொல்லும்போது நம் பிரசங்க பீடங்களில் அடிக்கடி ஓர் அநியாயம் நடக்கிறது. பிணத்தைத் தொட்டால் தீட்டு என்று யூத வேதம் சொன்னதால் ஆசாரியனும் லேவியனும் ஒதுங்கிப் போனார்கள், அந்த மதம் இரக்கமில்லாதது என்று விளக்குவார்கள். கதை அப்படிச் சொல்லவே இல்லை. ஆசாரியன் எருசலேமிலிருந்து இறங்கிப் போகிறான், ஆலயப் பணிக்காகப் போகிறவன் இல்லை. பிணத்தீட்டு விதி ஆசாரியருக்கு உரியது, லேவியரை அது அப்படிக் கட்டாது. கேட்பாரற்றுக் கிடக்கும் பிணத்தை அடக்கம் செய்வதைப் பெரிய கடமையாக யூத மரபு வைத்திருக்கிறது. அந்த மனிதனோ உயிரோடு கிடக்கிறான். யூத அறிஞரான ஏமி ஜில் லெவைன் 2014-இல் எழுதிய உவமை நூலில் இதையெல்லாம் எடுத்துக்காட்டிக் கிறிஸ்தவப் பிரசங்கிகளை எச்சரிக்கிறார். அந்த எச்சரிக்கையை நான் முழு மனதோடு ஏற்கிறேன். இயேசு யூதர். அயலானை நேசிக்கும் கட்டளையை அந்த நியாயசாஸ்திரி எடுத்துச் சொன்னது லேவியராகமத்திலிருந்து. அயலானை நேசி என்ற அதே 19-ஆம் அதிகாரம் அந்நியனையும் நேசி என்கிறது. இன்னொரு மதத்தைத் தாழ்த்தி இயேசுவை உயர்த்துகிறவர் உவமையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

எனக்குப் பிறன் யார் என்பது நியாயசாஸ்திரியின் கேள்வி. எங்கே கோடு போட்டு நிறுத்தலாம் என்று அவன் பார்க்கிறான். கதையின் முடிவில் இயேசு அதைத் திருப்பிப் போடுகிறார்: அடிபட்டவனுக்குப் பிறனாக இருந்தவன் யார்? அதாவது, வழியில் கிடக்கிறவனின் கண்ணால் பார்க்கச் சொல்கிறார். கிராமச் சபைகளில் நான் இந்தக் கேள்வியை நம் ஊர்க்கணக்கில் கேட்பேன். நீங்கள் இரத்தம் ஒழுகக் கிடக்கிறீர்கள். உங்களைத் தூக்கும் கை யாருடைய கையாக இருந்தால் உங்களுக்குக் கூசும்? யார் வீட்டுத் தண்ணீரை இதுவரை குடித்ததில்லை? எந்தத் தெருவுக்கு நீங்கள் போவதில்லை? ஞானஸ்நானம் எடுத்து எத்தனையோ தலைமுறை ஆன பின்னும் சாதியை விடாத சபைகள் நம்மிடம் உண்டு, கல்லறைத் தோட்டத்தில்கூட அதைக் காப்பவர்கள் உண்டு. அந்தச் சபைகளில் இந்தக் கேள்விக்குப் பிறகு யாரும் ஆமென் சொல்லமாட்டார்கள். உவமை போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். நியாயசாஸ்திரிகூடக் கடைசியில் சமாரியன் என்ற பெயரை வாயால் சொல்லவில்லை, அவனுக்கு இரக்கம் செய்தவன் என்று சுற்றித்தான் சொன்னான்.

உவமைக்குத் தவறாகப் பொருள் சொன்னால் அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மத்தேயு 18-இல் வரும் இரக்கமற்ற ஊழியக்காரன் கதையை வைத்து அதைச் சொல்ல வேண்டும். அவன் அரசனுக்குப் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரி. ஆகப் பதினாயிரம் தாலந்து ஆறு கோடி நாள்கூலி. ஏரோது அந்திப்பாவுக்குக் கலிலேயாவும் பெரேயாவும் சேர்ந்து கொடுத்த ஆண்டு வருமானமே 200 தாலந்து என்கிறார் வரலாற்றாசிரியர் யோசேப்பஸ். அந்தக் கணக்கில் பார்த்தால் இது ஐம்பது ஆண்டு அரசிறை. யாரும் தீர்க்க முடியாத கடன். அரசன் அதை மன்னித்துவிட்டான். உடன்வேலைக்காரன் ஒருவனிடமிருந்து அவனுக்கு வரவேண்டியிருந்ததோ நூறு தெனாரி, மூன்று மாதக் கூலிக்குச் சற்று மேல். மகளிர் குழுவில் தவணை கட்டுகிற பெண்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் போதும், மன்னிப்பு என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம்.

ஆனால் இதே கதையைக் காட்டி, குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம் திரும்பிப் போ, எழுபதுதரம் ஏழு மன்னிக்க வேண்டும் என்று பெண்களுக்குப் புத்தி சொல்கிறார்கள். அப்படிப் புத்தி கேட்டு வந்த பெண்கள் என் வீட்டு வாசலிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துக் காட்டுவேன். சிறியவருக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டுவது நலம் என்று எச்சரிக்கிற அதிகாரம் அது. குற்றம் செய்த சகோதரனைத் தனியே கண்டி, கேளாவிட்டால் சாட்சிகளோடு போ, அதையும் கேளாவிட்டால் சபைக்குச் சொல் என்கிற அதிகாரம். உவமையிலும், ஒருவன் கழுத்து நெரிக்கப்படுவதைக் கண்ட மற்ற ஊழியக்காரர் வாய்மூடி இருக்கவில்லை, அரசனிடம் போய்ச் சொன்னார்கள். அரசனும் அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. கழுத்தை நெரிப்பவனுக்குப் பாதுகாப்பாக இந்த உவமையை நிறுத்துகிறவர் அதை முழுவதும் வாசிக்காதவர். அடிபடும் பெண்ணுக்கு முதலில் வேண்டியது பத்திரமான இடம். மன்னிப்பைப் பற்றி அவளாக ஒருநாள் பேசும்போது நாம் பேசிக்கொள்ளலாம்.

புதிதாக அபிஷேகம் பெற்று வருகிற குருமார் சிலர், எப்படி ஆயத்தம் செய்வது என்று என்னிடம் கேட்பதுண்டு. நான் செய்வதைச் சொல்கிறேன். திங்கட்கிழமையே உவமையை உரக்க வாசிப்பேன், அதற்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகளோடு சேர்த்து. யாரிடம் சொன்னார், எந்தப் பேச்சுக்குப் பதிலாகச் சொன்னார் என்று எழுதிக்கொள்வேன். கதையில் வழக்கத்துக்கு மாறாக நடப்பது எது என்று தேடுவேன். கூலி வரிசை திரும்புவது, வயதான தகப்பன் ஓடுவது, ஒரு பெண் மூன்றுபடி மாவில், அதாவது நூறு பேருக்கு மேல் சாப்பிடக்கூடிய மாவில், புளித்தமாவைப் பிசைவது, இப்படி. முதலில் கேட்டவர்கள் துணுக்குற்ற இடம் அதுதான். நம் சபையை அதே அளவுக்கு அசைக்கக்கூடிய இடம் எது என்று அதன் பிறகு தேடுவேன். விளக்க நூல்களைத் திறப்பது புதன்கிழமைக்கு மேல். சனிக்கிழமைக்குள், அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரிடமாவது கதையைச் சொல்லிப் பார்த்துவிடுவேன். விதைப்பு என்றால் கரிசல் காட்டு விவசாயியிடம், வலை என்றால் மணப்பாட்டு மீனவரிடம், கடன் என்றால் கடன்பட்டவரிடம்.

பீடத்தில் ஏறியபின் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் சோதனை வரும். ‘ஆகவே அன்பானவர்களே, இந்த உவமை நமக்குக் கற்பிப்பது என்னவென்றால்’ என்று நாக்கு தானாகத் தொடங்கும். லூக்கா 15-இல், கெட்ட குமாரன் கதையின் முடிவில், மூத்த மகன் வீட்டுக்கு வெளியே நிற்கிறான், உள்ளே ஆடலும் பாடலும் கேட்கிறது, தகப்பன் வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா? இயேசு சொல்லவில்லை. பாவிகளோடு இவர் சாப்பிடுகிறாரே என்று முறுமுறுத்த பரிசேயரும் வேதபாரகரும்தான் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். போவதும் போகாததும் அவர்கள் கையில் விடப்பட்டது. இயேசு எழுதாமல் விட்ட முடிவைப் பிரசங்கியார் எழுதிவிடலாமா?

பின்னணியைச் சொல்வது நம் கடமை. கணக்கைப் போட்டுக் காட்டுவது, பொய்யான விளக்கத்தை அகற்றுவது, கதையின் கூர்மையை மழுங்கவிடாமல் காப்பது எல்லாம் நம் கடமைதான். அதற்காக மொழியும் வரலாறும் கற்க வேண்டும், ஊரையும் கற்க வேண்டும். அவ்வளவும் செய்த பிறகு தீர்ப்பைச் சபையிடம் விட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும். வாரத்தின் நடுவில் ஒருவர் வந்து, “ஐயா, அந்த மூத்தவன் நான்தான்” என்று சொல்வார். அவர் வராமலும் போகலாம். நாம் சொல்லித் தெரிந்துகொண்டதைவிட அவராகச் சொன்னதுதான் அவர் வாழ்க்கையில் நிற்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்த ஊழியத்துக்கு வருகிறவர்கள் அந்த நம்பிக்கையோடு வரவேண்டும்.